அரை வண்டில்

கிளிநொச்சியை யாராவது காடு என்று சொன்னால் பரமலிங்கத்துக்குப் பொறுக்காது. அதைச் சொல்பவன் மச்சானாக இருந்துவிட்டால் அன்றைக்குச் சோறும் இறங்காது.

மச்சான், அதாவது மனைவி இராசேஸ்வரியின் தமையன், யாழ்ப்பாணப் பட்டினத்தில் புடைவைக்கடை வைத்திருந்தான். தங்கையைக் குடியேற்றத்தில் வாழும் ஒரு கொலனிக்காரனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டோமே என்ற குறை அவனுக்கு விட்டபாடில்லை. "என்ன மச்சான், உங்கடை காட்டிலை இந்த மாதம் எத்தினை யானை?" என்று கேட்டுக்கொண்டுதான் படலையைத் திறப்பான்.

பரமலிங்கம் சிறுவனாக இருந்தபோது, இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் காணி எடுத்த தகப்பனோடு தென்மராட்சியிலிருந்து வந்தவன். காடாக இருந்ததை அவனும் கண்டான்; அது வயலானதையும் கண்டான். கண்டி வீதியோரம் கடைகள் ஒவ்வொன்றாக எழும்பியதும், சந்தை கூடியதும், பஸ்கள் நின்று போகத் தொடங்கியதும் அவன் கண்முன்னே நடந்தவை. யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்ரூடியோவில் தொழில் பழகியபின், "இங்கேயே இரு" என்று முதலாளி சொன்னதைக் கேளாமல் ஊருக்குத் திரும்பி, சந்தைக்குக் கிட்ட ஒரு சின்னக் கடையறையில் படம் எடுக்கத் தொடங்கினான்.

படக்கடதாசி வாங்கக் கொழும்புக்குப் போன ஒருநாள், கடைச் சுவரில் ஒரு நீளப் படத்தைக் கண்டான். கொழும்புத் துறைமுகம் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை, கப்பலும் பாரந்தூக்கியும் தொழிலாளருமாக நாலு முழ நீளத்தில் விரிந்து கிடந்தது. கிட்டப்போய் மூக்கு முட்டப் பார்த்தபிறகுதான், பல படங்களைப் பக்கம் பக்கமாக எடுத்து ஒட்டியது என்று தெரிந்தது. ரயிலில் திரும்பி வரும்போது பரமலிங்கத்துக்கு நித்திரை வரவில்லை. தன் ஊரையும் இப்படி ஒரே நீட்டில் பிடிக்கவேண்டும். பிடித்து, மச்சானைக் கூப்பிட்டு, அதன் முன்னால் நிறுத்தவேண்டும்.

1961ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் அதற்கு நாள் பார்த்தான். சிறுபோகம் வெட்டி முடிந்து, சனத்தின் கையில் காசு புழங்கிய நேரம். சந்தைக்கு எதிரே அரிசி ஆலைக்காரர் புதிதாக மேல்மாடி கட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டு, ஒரு சனிக்கிழமை காலையில், முக்காலியையும் கமராவையும் தூக்கிக்கொண்டு மேலே ஏறினான். கீழே தேங்காய்க் குவியலும், கத்தரிக்காய்ச் சாக்குகளும், விலை பேசுகிற பெண்களும், வண்டில்களும், சைக்கிள்களும். நடுவே கிடுகால் வேய்ந்த பஸ் கொட்டில். இடது கரையிலிருந்து தொடங்கி, கமராவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஆறு படம் எடுப்பது அவன் திட்டம்.

மூன்று படம் சரியாக எடுத்தான். நாலாவதுக்குக் கமராவைத் திருப்பியபோது வவுனியாப் பக்கத்திலிருந்து யாழ்ப்பாணப் பஸ் வந்து கொட்டிலை மறைத்துக்கொண்டு நின்றுவிட்டது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். யாரோ மூட்டைகளைக் கூரைமேல் ஏற்றச் சொல்லி வாதாடினார்கள். பரமலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். பஸ் போய்ப் புழுதி அடங்கியபின் நாலாவது படத்தை எடுத்தான். மற்ற இரண்டும் சிக்கலில்லாமல் முடிந்தன.

பழைய முதலாளியின் ஸ்ரூடியோவில் படங்களைப் பெரிதாக்கிக்கொண்டு வந்து, வீட்டு விறாந்தையில் பலகையைப் போட்டு, பிளேட்டும் பசையுமாகக் குந்தினான். ஒவ்வொரு படத்தின் ஓரமும் அடுத்த படத்தில் திரும்ப வரும். எந்த இடத்தில் வெட்டினால் ஒட்டுத் தெரியாது என்று பார்த்து வெட்டவேண்டும். மூன்றாம் படத்துக்கும் நாலாம் படத்துக்கும் இடையில்தான் வில்லங்கம் வந்தது. மூன்றாம் படத்தின் வலது ஓரத்தில் ஒரு மாட்டுவண்டில் பாதி விழுந்திருந்தது. நாலாம் படத்தில் அதே நிலத்தில் வண்டிலே இல்லை. பஸ் நின்ற நேரத்தில் அது போய்விட்டது.

இராசேஸ்வரி தேத்தண்ணியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, உதிலை ஒரு மனுசி நிக்கிறா. அவாவையுமே வெட்டப் போறியள்?"

"அவாவுக்குப் பின்னாலை அரை வண்டில் நிக்குதப்பா. மாட்டுக்குத் தலை இல்லை. தலையில்லாத மாட்டை வைச்சா உன்ரை அண்ணர் என்ன சொல்லுவார்?"

பஸ் கொட்டிலின் கூரையைத் தாங்கிய கப்பு ஒன்று இரண்டு படத்திலும் நேராக விழுந்திருந்தது. அந்தக் கப்போடு சேர்த்து வெட்டினான். வண்டில் போயிற்று, வண்டிலுக்கு முன்னால் நின்ற பெண்ணும் போனாள். கப்புக்கு இந்தப் பக்கம் மூன்றாம் படத்தில் நின்ற ஓர் இளம்பெண். அந்தப் பக்கம் நாலாம் படத்தில் நின்ற ஒரு வாலிபன். பெண் எதையோ எதிர்பார்த்து வலப்பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள். வாலிபன் கையில் ஒரு பையோடு இடப்பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். மெல்லிய தூரிகையால் ஒட்டின்மேல் மையைத் தொட்டு வைத்ததும் வெட்டிய இடமே தெரியவில்லை. பரமலிங்கம் பலகையைத் தூரப் பிடித்துப் பார்த்தான். அந்த இடத்தில்தான் படத்துக்கு உயிர் வந்தமாதிரி அவனுக்குப் பட்டது. அந்த இரண்டு பேரும் யார் என்று அவன் யோசிக்கவில்லை.

'எங்கள் கிளிநொச்சி' என்று அடியில் எழுதி, கண்ணாடி போட்டு, கடை முகப்பில் மாட்டினான்.

ஊர் அள்ளுப்பட்டு வந்தது. சந்தைக்கு வந்தவர்கள் எல்லாம் படத்தில் தங்களைத் தேடினார்கள். தேங்காய்க்காரர் தன் மொட்டைத் தலையைக் கண்டு வெட்கப்பட்டார். ஒரு பெண் தன் ஆட்டைக் கண்டுபிடித்துவிட்டுத் தன்னைக் காணாமல் கோபித்துக்கொண்டாள். பகுதிக் காரியாதிகாரியான டி.ஆர்.ஓ. ஐயாவே காரை நிறுத்தி இறங்கிப் பார்த்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் நடக்கவிருந்த விவசாயக் கண்காட்சியின் வாசலில் இந்தப் படம்தான் நிற்கவேண்டும் என்றார். மாவட்டத்தின் பெரிய அதிகாரியான அரசாங்க அதிபர் வருகிறார் என்றும் சொன்னார். பரமலிங்கத்தின் கால் நிலத்தில் படவில்லை.

ஒன்றைமட்டும் அவன் கவனித்தான். பார்க்க வருகிறவர்களில் பலபேர் ஒரே இடத்தில் விரலை வைத்தார்கள். கொட்டிலுக்கு நேரே கண்ணாடி கைபட்டு மங்கிப்போயிருந்தது. ஒட்டுத் தெரியாத நேர்த்தியைத்தான் வியக்கிறார்கள் என்று நினைத்து, பின்னேரங்களில் அந்த இடத்தைத் துணியால் துடைத்துவிட்டான்.

வியாழக்கிழமை ஒரு பெண் கடைக்கு வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும், வெயிலில் நடந்து வந்த களைப்பு. படத்துக்கு முன்னால் நின்று, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை பார்த்தாள். பிறகு திரும்பி,

"தம்பி, நான் எங்கை?" என்று கேட்டாள்.

பரமலிங்கம் சிரித்தான். "எல்லாரும் விழேல்லை அக்கா. சந்தையிலை எத்தினை சனம்."

"நான் பஸ் கொட்டிலிலை நிண்டனான். என்ரை அண்ணையின்ரை மகளுக்குப் பக்கத்திலை, தோளோடை தோள் முட்ட நிண்டனான். அவள் நிக்கிறாள். நான் இல்லை. எனக்குப் பதிலா ஆரோ ஒரு பெடியன் நிக்கிறான்."

அவள் பெயர் சிவனேஸ்வரி. பளையில் இருப்பவள். அண்ணன் சின்னராசா கிளிநொச்சியில் வயல் செய்கிறார். அவருடைய மூத்த மகள்தான் படத்தில் நின்ற விமலேஸ்வரி. அந்தச் சனிக்கிழமை சிவனேஸ்வரி மருமகளைச் சில நாள் தன்னோடு வைத்திருக்கக் கூட்டிக்கொண்டு போனாள். பஸ்ஸுக்குத்தான் இரண்டு பேரும் நின்றார்கள்.

"எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணின பிள்ளை, தம்பி. ஆசிரியர் கலாசாலைக்கு எடுபட்டிருக்கிறாள். சாவகச்சேரியிலை ஒரு வாத்தியார் மாப்பிளை. படிச்சு முடிக்கட்டும், பிறகு கட்டுவம் எண்டு சொன்ன தங்கமான சம்பந்தம். இப்ப அவையள் வாய் திறக்கிறதில்லை. ஆரோ போய் ஓதிப்போட்டினம், பெட்டை பஸ் கொட்டிலிலை பெடியனோடை சிரிச்சுக்கொண்டு நிக்கிறாள், ஸ்ரூடியோவிலை படம் தொங்குது எண்டு. நான் பக்கத்திலை நிண்டனான் எண்டு கோயிலிலை சத்தியம் பண்ணிறன் எண்டன். அண்ணை என்னைப் பாத்துக் கேக்கிறார், 'அப்ப படத்திலை நீ எங்கையடி? படம் பொய் சொல்லுமோ? நீயும் சேந்துதான் மறைக்கிறாய்' எண்டு."

பரமலிங்கம் உள்ளே போய் நெகற்றிவ்களை எடுத்து, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். மூன்றாவதில் விமலேஸ்வரி, அவளோடு ஒட்டினாற்போல் சிவனேஸ்வரி, பின்னால் அரை வண்டில். நாலாவதில் அந்த வாலிபன். அப்போதுதான் முழுவதும் அவனுக்கு விளங்கியது. இந்த இரண்டு பெண்களும் ஏறிப்போன அதே பஸ்ஸிலிருந்துதான் அவன் இறங்கியிருக்கிறான். அவள் பார்த்துக்கொண்டு நின்றது பஸ்ஸை. அவன் கொட்டிலடியில் வந்து நிற்கையில் அவள் பளைப் பாதையில் போய்க்கொண்டிருந்தாள். ஒருவரை ஒருவர் கண்ணாலும் கண்டிருக்கமாட்டார்கள்.

சிவனேஸ்வரிக்கு நெகற்றிவைக் காட்டினான். கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் கிடந்த அந்தச் சின்னப் படத்தில் தன் சேலைத் தலைப்பை அவள் அடையாளம் கண்டுகொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்பவே வா தம்பி. வந்து அண்ணைக்கு இதைக் காட்டு. இந்தப் படத்தையும் கழட்டிப்போடு" என்றாள்.

பரமலிங்கம் படத்தைப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இடையில் இருந்தது. டி.ஆர்.ஓ.வுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. மச்சானுக்குத் தந்தி அடித்தாயிற்று. வெட்டி ஒட்டியதில் ஆட்கள் இடம் மாறிப்போய்விட்டார்கள் என்று இப்போது சொன்னால், படமே பொய் என்றல்லவா ஊர் சொல்லும்?

"ஞாயிறு போகட்டும் அக்கா," என்றான். "திங்கள் காலமை நானே வந்து அண்ணைக்கு வடிவாய் விளங்கப்படுத்திறன். இந்தப் படத்தைப் பெரிசாக்கிக் கொண்டுவாறன். அண்டைக்கே கழட்டியும் போடுறன்."

சிவனேஸ்வரி கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தான், அவள் கெஞ்சவில்லை. "திங்கள் மறக்காதை, தம்பி" என்றுமட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அன்றிரவு இராசேஸ்வரி, "நாளைக்கே போங்கோ. ஒரு பெட்டைப்பிள்ளையின்ரை விசயம்" என்றாள். ஓம் என்றான். வெள்ளிக்கிழமை கடையில் வேலை இருந்தது. சனிக்கிழமை படத்துக்குப் புதுச் சட்டம் போட்டான்.

கண்காட்சிக்கு ஊரும் வந்தது, யாழ்ப்பாணத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அரசாங்க அதிபர் படத்துக்கு முன்னால் நின்று, எந்தெந்தக் கட்டடம் என்று கேட்டறிந்து, பரமலிங்கத்தின் தோளில் தட்டினார். மச்சான் வெள்ளை வேட்டி சால்வையோடு வந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியில், "மச்சான், நான் சொன்னதுகளை மனசிலை வைச்சிருக்காதை. இது பட்டினம்தான்" என்றான்.

இந்தச் சொல்லுக்காகத்தான் பரமலிங்கம் இத்தனை பாடும் பட்டான். ஆனால் அது காதில் விழுந்த அதே நேரம், மச்சானுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு கொட்டிலைக் காட்டுவதும் அவன் கண்ணில் பட்டது. அவர்களுக்கும் அப்பால், சனத்தின் ஓரத்தில், சால்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு மனிதர் நின்றார். அவர் படத்தைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்க்கிறவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர்தான் சின்னராசா என்று பரமலிங்கம் பிறகு அறிந்துகொண்டான்.

திங்கட்கிழமை விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். மூன்றாம் படத்தைத் துளியும் வெட்டாமல், தன் கடை இருட்டறையில் முடிந்த அளவுக்குப் பெரிதாக்கிக் கையில் வைத்திருந்தான், நெகற்றிவ்களும் இருந்தன. சின்னராசா முற்றத்தில் கதிரை போட்டு இருத்தினார். சிவனேஸ்வரி கதவு நிலையோடு சாய்ந்து நின்றாள். பரமலிங்கம் பஸ் வந்து நின்றதிலிருந்து கப்போடு வெட்டியதுவரை ஒன்றும் விடாமல் சொன்னான். சின்னராசா படத்தை வாங்கி, தங்கையையும் மகளையும் அரை மாட்டையும் பார்த்தார். பார்த்துவிட்டுப் படத்தை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"நீ சொல்லுறது மெய் தம்பி. எனக்கு விளங்குது. என்ரை தங்கச்சியைப் பொய்காரி எண்டு வைதுபோட்டன்" என்றார். அவருடைய குரலில் கோபம் இல்லை. "ஆனால் நேத்துப் பின்னேரம் நான் அந்தப் பெடியன்ரை தேப்பன் வீட்டை போட்டு வந்திட்டன்."

"எதுக்கண்ணை?"

"எதுக்கெண்டு கேக்கிறாய். சாவகச்சேரியார் சனிக்கிழமை ஆள் விட்டிட்டினம், வேண்டாமெண்டு. நேத்து அந்த வாசலிலை நிண்டு பாத்தன். ஊர் முழுக்க என்ரை பிள்ளையைப் பாத்துச் சிரிக்குது. இனி ஆர் வந்து கேப்பினம்? நல்ல காலம், எங்கடை ஆக்கள்தான். பெடியன் வவுனியாக் கச்சேரியிலை அரசாங்கக் கிளாக். தேப்பன் ஓம் எண்டிட்டார். வெத்திலை மாத்திட்டம்."

"அண்ணை, இதை அவையளுக்கும் காட்டுவம். ஊருக்குக் காட்டுவம். நான் கடை வாசலிலை மாட்டிறன்."

சின்னராசா தலையை ஆட்டினார். "உன்ரை பெரிய படத்தைப் பாத்தவை எத்தினை பேர்? அவ்வளவு பேரையும் தேடிப்பிடிச்சு இந்தச் சின்னப் படத்தைக் காட்டுவியோ? காட்டினாலும் என்ன சொல்லுவினம்? தேப்பன் காசு குடுத்து வேறை படம் செய்விச்சுப்போட்டான் எண்டுவினம்." பிறகு, "வெள்ளிக்கிழமை நீ வந்திருந்தா நான் சாவகச்சேரிக்கு ஓடியிருப்பன், தம்பி" என்றார்.

அந்த நேரம் விமலேஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்தாள். படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். அழுது முடித்த முகம்.

"நான் பஸ்ஸைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான், அண்ணை," என்றாள் மெதுவாக. "அவர் ஆரெண்டு எனக்கு உங்கடை படத்திலைதான் தெரியும்."

கலாசாலைக்கு என்றைக்குப் போகவேண்டும் என்று பரமலிங்கம் கேட்டான். அவளுடைய தாய் குசினி அடுப்படியிலிருந்து பதில் சொன்னாள்: "இனி என்ன கலாசாலை. நாலு பேர் பாக்கப் பஸ்ஸிலை போய்வாற காலம் முடிஞ்சுது."

வீட்டுக்குப் போகும் வழியில் கண்காட்சியிலிருந்து படத்தைக் கழற்றி எடுத்தான். அடுத்த சனிக்கிழமை பஸ் கொட்டிலில் காத்து நின்று, வவுனியாவிலிருந்து இறங்கிய யோகநாதனைப் பிடித்தான். அதுதான் அந்த வாலிபனின் பெயர். இருபத்தாறு வயது, மெலிந்த உடம்பு, சட்டைப்பையில் பேனை. தேநீர்க் கடையில் இருத்தி, எல்லாவற்றையும் திரும்பச் சொன்னான்.

"தெரியும் அண்ணை," என்றான் யோகநாதன். "நான் அண்டைக்கு என்ரை தம்பியைக் கண்டுதான் சிரிச்சனான். முன்னமே சைக்கிளோடை வந்து எனக்காகக் காத்து நிண்டவன். அவன் உங்கடை படத்திலை அங்காலை எங்கேயோ நிக்கிறான்."

"அப்ப ஏன் ஓமெண்டனீர்? மாட்டன் எண்டு சொல்லலாம்தானே?"

யோகநாதன் கிளாசைச் சுற்றிச் சுற்றித் திருப்பினான். "என்ரை ஐயா ஓமெண்டு போட்டுத்தான் எனக்குச் சொன்னவர். எனக்கும் வவுனியாவிலை ஒரு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான். "அதை விடுங்கோ. நான் மாட்டன் எண்டா என்ன சொல்லுவினம்? பெடியன் சிரிச்சு விளையாடிப்போட்டு விட்டிட்டான் எண்டுவினம். அந்தப் பிள்ளையின்ரை கதி என்ன? அவா ஒரு பிழையும் செய்யேல்லை. நானும் செய்யேல்லை." நிமிர்ந்து பரமலிங்கத்தைப் பார்த்தான். "செய்யாததுக்கு ரெண்டு பேர் கெடுகிறதிலும், கட்டிக்கொண்டு இருக்கிறது சுகம்தானே?"

கலியாணம் ஆவணி முடியுமுன்னே நடந்தது. படம் எடுக்கப் பரமலிங்கத்தைத்தான் சின்னராசா கூப்பிட்டார். "நீ வராட்டில் அதுக்கும் ஒரு கதை வரும்" என்றார். போனான். தாலி கட்டி முடிந்து, மணமக்களைக் கதிரைகளில் இருத்தி, கமராவின் பின்னால் குனிந்தான். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், யோகநாதன் நேரே எங்கேயோ பார்த்தான். எத்தனையோ கலியாணங்களில் 'கொஞ்சம் சிரியுங்கோ, பொம்பிளை மாப்பிளையைப் பாருங்கோ' என்று வாய் ஓயாமல் சொன்னவன். அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு வந்தான். கூலி வாங்கவில்லை. 

டி.ஆர்.ஓ. அடுத்த வருடமும் ஒரு நீளப் படம் கேட்டார். கமரா சரியில்லை என்று சொல்லித் தட்டிக்கழித்தான். மச்சான் அதற்குப் பிறகு யானைக் கதை கதைக்கவில்லை. தன் கடையில் மாட்ட அந்தப் படத்தைத் தா என்று இரண்டு தரம் கேட்டான். கறையான் தின்றுவிட்டது என்று பரமலிங்கம் சொன்னான். அது முதலில் பொய். சில வருடத்தில் மெய்யாகிப் போனது. தொழில் குறையவில்லை. அடையாளப் படம், குடும்பப் படம், செத்தவீட்டுப் படம் என்று எடுத்துக்கொண்டே இருந்தான். சந்தையடியில் மட்டும் கமராவைத் தூக்கவில்லை. சிவனேஸ்வரி பளையிலிருந்து வரும் நாட்களில் கடையைக் கடந்து போவாள். எப்போதும் தலையை அசைத்து, "சுகமோ தம்பி" என்று கேட்பாள். ஒருநாளாவது அவள் வைதிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும் என்று அவன் இராசேஸ்வரியிடம் சொல்லியிருக்கிறான்.

ஏழு வருடத்துக்குப் பிறகு ஒரு கலியாணப் படப்பிடிப்புக்காக வவுனியாவுக்குப் போனான். திரும்பும்போது பஸ் நிலையத்தில், "பரமலிங்கம் அண்ணை எல்லே?" என்று யாரோ கூப்பிட்டார்கள். விமலேஸ்வரி. ஒரு கையில் மரக்கறிப் பை, மறு கையில் சின்ன மகனின் கை. ஆறு வயதுப் பெண்பிள்ளை ஒன்று சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. சதை போட்டு, முகம் தெளிந்திருந்தாள். இராசேஸ்வரியைச் சுகம் விசாரித்தாள். மழையைப் பற்றிக் கதைத்தாள். இத்தனை காலமும் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த சொற்களைப் பரமலிங்கம் தேடினான்.

"பிள்ளை, நான் அண்டைக்கு வெள்ளிக்கிழமையே..."

"விடுங்கோ அண்ணை," என்றாள். பிறகு அவளே தொடர்ந்தாள். "அவர் நல்ல மனுசன். ஒருநாளும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. கூடாதவராய் இருந்திருந்தா நான் உங்களைத் திட்டித் திட்டியே ஆறியிருப்பன். இப்ப ஆரைத் திட்டுறது? நான் அவருக்கு நோகக்கூடாதெண்டு நடக்கிறன். அவர் எனக்கு நோகக்கூடாதெண்டு நடக்கிறார். ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் விருந்துக்கு வந்து தங்கின மாதிரி."

பெண்பிள்ளை மிட்டாய்க் கடையைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதன் தலையை அவள் தடவிக் கொடுத்தாள்.

"இவளுக்கு ஆரோ சொல்லிப்போட்டினம், அம்மாவும் அப்பாவும் விரும்பிக் கட்டினவை எண்டு. ஊரிலை எல்லாரும் அப்பிடித்தானே சொல்லுகினம். 'அம்மா, அப்பாவை நீங்கள் முதல் எங்கை கண்டனீங்கள்?' எண்டு ஒரே ஆக்கினை."

"என்ன சொன்னனீங்கள், பிள்ளை?"

"சந்தையடி பஸ் கொட்டிலிலை எண்டு சொன்னன்," என்றாள் விமலேஸ்வரி. "வேறை என்னத்தைச் சொல்லுறது?"

அவளுடைய பஸ் வந்தது. பிள்ளைகளை முதலில் ஏற்றி, பையை மடியில் வைத்து, யன்னலோரம் இருந்துகொண்டாள். இராசேஸ்வரி அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கோ என்று உள்ளிருந்தே சொன்னாள். பரமலிங்கம் ஓம் என்று தலையசைத்தான். பஸ் புறப்பட்டு வளைவில் திரும்புமட்டும் அங்கேயே நின்றான்.